முகவரிச் சீட்டு: சீன மொழி படிக்கப் போகிறவர்களுக்குப் பதில்கள்

ஓராண்டு சீனாவிலேயே தங்கிச் சீன மொழி படிக்கப் போகிறவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், விசாவையும் தங்குமிடத்தையும் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் தனித்தனி வேலைகளாக நினைத்து, விசா கைக்கு வந்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். சீனாவைப் பொறுத்தவரை அப்படி இருப்பது ஆபத்து. இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதைக் காவல் நிலையத்தில் பதிந்து வாங்கும் ஒரு தாளைக் காட்டினால்தான் அங்கே தங்கும் அனுமதியே கிடைக்கும். கீழே உள்ள பதில்களில் அந்தத் தாள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: என் மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, செப்டம்பரில் பெய்ஜிங்கில் ஓராண்டு மொழி வகுப்பில் சேரப் போகிறாள். உதவித்தொகை இல்லை, எங்கள் செலவுதான். எந்த விசா வாங்க வேண்டும்? வேலையை எப்போது தொடங்குவது? சென்னையிலேயே முடித்துவிடலாமா?

படிப்பு 180 நாட்களுக்கு மேல் நீடிக்குமானால் எக்ஸ்1 விசா, 180 நாட்களுக்குள் முடிந்துவிடுமானால் எக்ஸ்2 விசா என்பது விதி. செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு கோடையில் முடியும் இரண்டு பருவங்களுக்குச் சேர்க்கை பெற்றிருப்பதால் உங்கள் மகளுக்கு எக்ஸ்1 வேண்டும். முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் கட்டிச் சேரலாம், பிடித்திருந்தால் அங்கேயே நீட்டித்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்லக்கூடும். ஓராண்டு படிப்பது என்று முடிவு செய்துவிட்ட நிலையில் அதைக் கேட்க வேண்டாம். எக்ஸ்2 விசாவில் போய் நடுவில் அனுமதியை மாற்றுவது, முதலிலேயே ஓராண்டுச் சேர்க்கை வாங்குவதைவிட அதிக அலைச்சல்.

விசாவுக்கு அடிப்படை இரண்டு தாள்கள். ஒன்று, பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைக் கடிதம். மற்றது, வெளிநாட்டு மாணவருக்கான விசா விண்ணப்பப் படிவம். சீன அரசின் உதவித்தொகையில் போகிறவர்களுக்கு அந்தப் படிவத்தின் எண் ஜேடபிள்யூ 201, சொந்தச் செலவில் போகிறவர்களுக்கு ஜேடபிள்யூ 202. இவை பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் கைக்கு வருகின்றன என்பதால், அதன் பிறகு விசா எடுக்க இருக்கும் காலம் குறுகியது. ஆகவே அந்தத் தாள்களுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் மற்ற எல்லாவற்றையும் முடித்து வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்து அது எந்த மாதம் முடிகிறது என்று பாருங்கள். விசாவுக்கு ஆறு மாதச் செல்லுபடி போதும் என்றாலும், அங்கே தரப்படும் குடியிருப்பு அனுமதி பாஸ்போர்ட்டின் கடைசி நாளைத் தாண்டி எழுதப்படாது. ஆகவே படிப்பு முடிந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் சில மாதங்கள் மிச்சம் இல்லையென்றால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் பழைய பாஸ்போர்ட் எண் ஏறிய பிறகு புதுப்பித்தால், அந்தத் தாள்களையும் மாற்றி வாங்க வேண்டிவரும்.

சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. டெல்லியில் தூதரகமும், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. எந்த மாநிலத்தவர் எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்ற எல்லைப் பிரிவு உண்டு. ஆகவே விசா மையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். முகவர் மூலமாக அனுப்புவதானால், அசல் சேர்க்கைக் கடிதமும் அசல் ஜேடபிள்யூ படிவமும் பாஸ்போர்ட்டோடு திரும்பி வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விசா ஒட்டி வந்துவிட்டதே என்று அந்தத் தாள்களை அலட்சியமாக விட்டுவிட்டால், பெய்ஜிங்கில் குடியிருப்பு அனுமதிக்குப் போகும்போது அவற்றைக் கேட்பார்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும். இதனால் தொல்லை வருமா?

வரும். சீன அலுவலகங்களில் ஆள் அடையாளம் என்பது பாஸ்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் கணினி வாசிக்கும் இரண்டு வரிகளில் எப்படி இருக்கிறதோ அப்படி எழுதப்பட்ட பெயர்தான். தலைப்பெழுத்தை நாம் விருப்பப்படி முன்னும் பின்னும் வைத்துக்கொள்வோம், சில சமயம் விரித்து அப்பாவின் முழுப் பெயராக எழுதுவோம். அங்கே அந்த நெகிழ்ச்சி செல்லாது. சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும்போதே, சான்றிதழில் எப்படி இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்று படிவம் நின்றுவிட்டால், நீங்களாக எதையும் இட்டு நிரப்பாமல், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட் பக்கத்தை அனுப்பி எப்படி எழுதுவது என்று கேளுங்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகிய மூன்றும்தான். அந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சலில் திருத்திவிடலாம். விட்டுவிட்டால் வங்கிக் கணக்கு, செல்பேசி எண், ரயில் டிக்கெட் என்று அந்த ஓராண்டு முழுக்க ஒவ்வொரு முகப்பிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழி வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

சென்னையிலிருந்து ஒரு தாயார்: மகனுக்கு எக்ஸ்1 விசா வந்துவிட்டது. ஆனால் ஒட்டியிருக்கும் தாளில் நுழைவு ஒன்று என்றும், தங்கும் நாட்கள் 000 என்றும் அச்சாகியிருக்கிறது. ஓராண்டுக்கு அல்லவா கேட்டோம்? தவறாக அச்சிட்டுவிட்டார்களா?

தவறு இல்லை அம்மா, எக்ஸ்1 விசா அப்படித்தான் இருக்கும். அது ஒருமுறை நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அந்தத் தாள் முடிவு செய்வதில்லை என்பதற்குத்தான் மூன்று பூஜ்யங்கள். நுழைந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், அந்த ஊர்க் காவல் துறையின் குடிநுழைவுப் பிரிவில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டுத் தங்கலுக்கு உரிமை தருவது பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் அந்த இரண்டாவது தாள். ஓராண்டுக்கு உட்பட்ட அனுமதிக்குக் கட்டணம் 400 யுவான், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை 800 யுவான். அது கிடைத்த பிறகு, அதன் காலம் முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊருக்கு வந்து திரும்பலாம். புதிதாக விசா வேண்டியதில்லை.

தங்கள் மகனிடம் இந்த வரிசையை மனத்தில் பதிய வைக்கச் சொல்லுங்கள். வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்குமிடப் பதிவு. விடுதி வளாகத்தில் தங்கினால் எங்கே, எப்படிப் பதிவது என்று அவர்களே வழிகாட்டுவார்கள், ஹோட்டலானால் ஹோட்டல்காரர்களே பதிந்துவிடுவார்கள். வேறு எங்கு தங்கினாலும் தானே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். சீன மொழியில் அந்தச் சிறு காவல் நிலையத்துக்கு 'பைச்சூஸுவோ' என்று பெயர். பதிந்ததும் ஒரு மெல்லிய தாளில் பெயர், பாஸ்போர்ட் எண், முகவரி ஆகியவற்றை அச்சிட்டு வட்டச் சிவப்பு முத்திரை குத்தித் தருவார்கள். அடுத்தது பல்கலைக்கழகத்தில் பதிவும், மருத்துவக் காப்பீடும். வெளிநாட்டு மாணவர்களுக்கான பொதுக் காப்பீட்டுக்கு ஓராண்டுக்கு 800 யுவான். அதன் பிறகு, தேவையானால் உடல் பரிசோதனைச் சரிபார்ப்பு. இவை எல்லாம் சேர்ந்த கட்டோடுதான் குடிநுழைவுப் பிரிவுக்குப் போக வேண்டும். 30 நாள் என்பது கேட்க நிறைய இருப்பதுபோல் தெரியும். அக்டோபர் 1 அன்று தொடங்கும் தேசிய விடுமுறை வாரத்தில் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தால் நாட்கள் சுருங்கிவிடும்.

2013 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டத்தின்படி, தங்குமிடத்தைப் பதியாமல் இருந்தால் எச்சரிக்கையும் 2000 யுவான் வரை அபராதமும் உண்டு. அனுமதியில்லாமல் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான், உச்சவரம்பு 10,000 யுவான், சில சமயம் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் தொகைகள் தெரிந்திருந்தால், 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பிள்ளைகள் தள்ளிப்போட மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. குடியிருப்பு அனுமதி கைக்கு வருமுன் விடுமுறை கிடைத்ததே என்று ஹாங்காங் பக்கம் போய்வரக் கூடாது. அது சீனாவின் பகுதி என்றாலும், குடிநுழைவு எல்லை தனி. அங்கே போனால் சீனப் பெருநிலத்தை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. ஒற்றை நுழைவு விசா அந்த முதல் நுழைவோடு தீர்ந்துபோயிருக்கும், திரும்பி வர விசா இருக்காது. மக்காவ் பகுதிக்கும் இதே கதைதான்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: உடல் பரிசோதனையை இங்கேயே முடித்துக்கொண்டு போகலாமா, அங்கே போய்ச் செய்துகொள்ளலாமா?

இங்கே செய்துகொண்டு போங்கள். அங்கே மறுபடி செய்யச் சொன்னாலும் வருந்தாதீர்கள். வெளிநாட்டவருக்கான உடல் பரிசோதனைப் படிவம் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால், சேர்க்கை விண்ணப்பத்துக்காக ஜனவரியில் செய்ததை செப்டம்பரில் நீட்ட முடியாது. படிவத்தின் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவமனை முத்திரை பாதி புகைப்படத்திலும் பாதி தாளிலுமாக விழுந்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்புப் பதிவு, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றின் அசல் அறிக்கைகளையும் எடுத்துப் போங்கள். படிவத்தை மட்டும் கொண்டுபோய் அசல் அறிக்கைகள் இல்லாமல் நிற்கிறவர்களுக்குத்தான் முழுப் பரிசோதனையும் மறுபடி நடக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: வளாகத்து விடுதியில் தங்குவதா, வெளியே வீடு எடுப்பதா? வெளியே தங்கினால் சீனர்களோடு பேசிப் பழகலாம், மொழி சீக்கிரம் வரும் என்கிறார்கள்.

முதல் பருவம் விடுதி, இரண்டாம் பருவம் விருப்பமிருந்தால் வெளியே. என்னிடம் கேட்ட எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிவருகிறேன், என் சொந்த அனுபவமும் இதையே சொல்கிறது. வெளியே தங்கினால் மொழி வரும் என்பது உண்மைதான். ஆனால் வாடகை ஒப்பந்தத்தை வாசிக்கும் அளவுக்கு மொழி வந்த பிறகு வெளியே போவது வேறு, ஓர் எழுத்தும் தெரியாமல் போவது வேறு.

பெய்ஜிங்கின் ஹைதியன் பகுதியில் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வெளிநாட்டு மாணவர்கள் பல ஆண்டுகளாகக் கூடும் ஊதாவ்கோவ் சந்திப்பும், 1962-இல் தொடங்கிய பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகமும் அங்கேதான். நானும் அந்தப் பகுதியில்தான் படித்தேன். முதல் பருவம் விடுதியில் இருவர் அறை. கூட இருந்தவர் வேறு நாட்டுக்காரர், இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறைச் சீனம் மட்டுமே என்பதால் அந்த அறையே ஒரு வகுப்பானது. பிப்ரவரியில், வெளியே போனால் இன்னும் நன்றாகப் படிக்கலாம் என்ற ஆசையில், ஒரு குடியிருப்பின் ஆறாவது மாடியில் ஓர் அறையைப் பார்த்தேன். காட்டியவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். அங்கே வழக்கமான கணக்குப்படி ஒரு மாத வாடகை முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்துக் கேட்டார். இதைச் சீனர்கள் 'யா இ ஃபூ சான்', அதாவது ஒன்றைப் பிடித்து மூன்றைக் கொடு என்று நான்கே அசைகளில் சொல்லிவிடுவார்கள். கொடுத்தேன், சாவியும் வாங்கினேன்.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் அதிகாரி என் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டு உரிமைச் சான்றின் நகலும் உரிமையாளரின் அடையாள அட்டை நகலும் எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும், முகவரியைக் கணினியில் தட்டி, திரையை என் பக்கம் சற்றுத் திருப்பினார். எனக்கு அப்போது தெரிந்த சில நூறு எழுத்துகளே போதுமாக இருந்தன. உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த மூன்று எழுத்துப் பெயரும் என் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் இரண்டு எழுத்துப் பெயரும் ஒன்றல்ல என்பது தெரிந்தது. என்னிடம் பணம் வாங்கியவர் அந்த வீட்டை வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விடுகிறவர். இப்படிப்பட்டவரைச் சீனர்கள் 'அர் ஃபாங்தோங்', இரண்டாம் வீட்டுக்காரர் என்பார்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் விட்டதால் நகல்களை அவரால் தர முடியவில்லை, நாளை நாளை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பதிவு இல்லாமல் அங்கே தூங்க எனக்குத் துணிவில்லை. நான்காம் நாள் பெட்டியோடு விடுதியின் விருந்தினர் அறைக்குத் திரும்பினேன். மூன்று மாத வாடகையில் ஒரு பகுதி பல வாரம் நச்சரித்த பிறகு வந்தது, முன்பணம் வரவே இல்லை. உள்வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு முறையாக விடுகிறவர்களும் உண்டு. என்னுடைய பிழை, பணம் கொடுக்குமுன் அந்த இரண்டு நகல்களைக் கேட்காதது.

ஆகவே வெளியே வீடு பார்க்கிறவர்கள் முதல் கேள்வியாக வாடகையைக் கேட்காமல், 'இந்த வீட்டு முகவரியில் வெளிநாட்டவரைக் காவல் நிலையத்தில் பதிய முடியுமா, நீங்களே கூட வருவீர்களா?' என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வீடு வேண்டாம். தரகர் மூலம் பார்த்தால் ஒரு மாத வாடகை அளவுக்குத் தரகு கேட்பது வழக்கம். அந்தத் தொகைக்கு, காவல் நிலையத்துக்குக் கூட வந்து பதிவை முடித்துத் தருவதையும் அவருடைய வேலையாகப் பேசிவிடலாம். பெரிய கூடத்தைப் பலகையால் தடுத்து அறையாக்கி விடும் இடங்கள் மலிவாகக் கிடைக்கும். அவை தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாதவை, அதிகாரிகள் வந்து இடிக்கச் சொன்னால் ஒரே நாளில் தெருவுக்கு வர நேரும். அவற்றைப் பார்க்கவே போக வேண்டாம்.

வீடு மாறினால் புதிய முகவரியில் மறுபடி 24 மணி நேரப் பதிவு உண்டு. குடியிருப்பு அனுமதியில் பதிந்த விவரம் எது மாறினாலும் 10 நாட்களுக்குள் குடிநுழைவுப் பிரிவில் தெரிவிக்க வேண்டும். ஊருக்கு வந்து திரும்பினாலும் மறுபடி பதியச் சொல்லும் இடங்கள் உண்டு, அதை உங்கள் காவல் நிலையத்திலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியைச் சீன எழுத்தில் எழுதிப் பழகுவதையும் ஊரிலேயே தொடங்கிவிடலாம். நாம் பெயர், கதவு எண், தெரு, ஊர் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறோம். அவர்கள் நகரம், வட்டம், சாலை, எண், கட்டடம், வாசல் பிரிவு, அறை என்று பெரியதிலிருந்து இறங்கி வருவார்கள். நகரம் என்ற சொல்லும் அறை என்ற சொல்லும் ஒரே ஒலி, ஒரே தொனி, இரண்டும் 'ஷி'தான், எழுத்து மட்டும் வேறு. எனவே ஒரு 'ஷி'யில் தொடங்கி இன்னொரு 'ஷி'யில் முடியும் அந்த முகவரியை, வகுப்பில் முதல் பாடம் நடத்துமுன்பே மனப்பாடம் செய்துவிட்ட மாணவர்களை எனக்குத் தெரியும்.

விழுப்புரத்திலிருந்து ஒரு மாணவி: எனக்குச் சீன அரசின் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. விடுதி வேண்டாம் என்றால் மாதம் 700 யுவான் தருவார்களாம். வெளியே தங்கினால் லாபமா?

வாழ்த்துகள். விடுதியை விடாதீர்கள். பெய்ஜிங், ஷாங்காய் போன்ற ஊர்களில் 700 யுவானுக்குப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் தனி அறை கிடைப்பதில்லை. மீதியை உங்கள் மாதப் படியான 3000 யுவானிலிருந்து எடுத்தால், சாப்பாட்டில் கை வைக்க வேண்டிவரும். முதல் மாதப் படி வந்து சேர நாளாகும் என்பதால், ஒரு மாதச் செலவுக்கான பணத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே பணம் செலுத்தப் பயன்படும் அலிப்பே, வீசாட் செயலிகளில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் வெளிநாட்டு வங்கி அட்டைகளை 2023-இலிருந்து இணைத்துக்கொள்ள முடிகிறது. இதை ஊரிலேயே செய்து, ஆள் சரிபார்ப்பை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும் அங்கே சாதாரண இணைப்பில் திறக்காது. சேர்க்கைக் கடிதம், விடுதி முன்பதிவு, காப்பீட்டு ரசீது எல்லாவற்றையும் அச்செடுத்து இரண்டு உறைகளில் வையுங்கள், ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, சைவம் வேறு. எந்த ஊர் நல்லது?

குளிரைப் பற்றி நம்மவர்கள் நினைப்பதற்கு நேர் எதிரான ஓர் உண்மை உண்டு. பெய்ஜிங்கில் வெளியே கடும் குளிர் என்றாலும், நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை கட்டடங்களுக்கு மையச் சூடேற்றம் உண்டு. அறைக்குள் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து படிக்கலாம். நான்ஜிங், ஷாங்காய், ஹாங்சோவ் போன்ற தெற்குப் பக்கத்து ஊர்களில் அந்தப் பொதுச் சூடேற்றம் கிடையாது. வெளியே குளிர் குறைவுதான், ஆனால் ஈரக் குளிர் அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏசியைச் சூடாக்கும் நிலையில் ஓட்டி, மின்கட்டணம் கட்ட வேண்டும். ஹார்பினில் உச்சரிப்பு செம்மையானது என்று மொழி மாணவர்கள் விரும்பிப் போவார்கள், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். குன்மிங்கின் பருவநிலை ஆண்டு முழுவதும் இதமானது. குவாங்சோவ் வெயிலில் நம் ஊர் போலவே இருக்கும். அங்கே தெருவில் கான்டனீஸ் என்ற வேறு சீன மொழி ஒலிக்கும் என்பதால், வகுப்பில் கற்றதை வெளியே கேட்டுப் பழகும் வாய்ப்பு குறையும். உடல்நிலையைச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதால் குன்மிங்கை முதலில் வைக்கிறேன்.

சைவத்துக்கு, சமையலறை உள்ள விடுதியா என்று சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். பல விடுதிகளில் தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை இருக்கும், அறைக்குள் அதிக மின்சாரம் இழுக்கும் சாதனங்களுக்குத் தடை இருக்கும். ஊரிலிருந்து மின்சாரக் குக்கர் சுமந்து போய்ப் பறிகொடுக்க வேண்டாம். நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது, மாற்றிச் செருகி ஒன்று போதும்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: படித்துக்கொண்டே ஆங்கிலம் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கலாமா? பலர் செய்கிறார்களாமே?

அனுமதியில்லாமல் கூடாது. மாணவர் அனுமதியில் இருப்பவர் வேலை செய்வதற்கு விதிகளும் வரம்பும் உண்டு. அதை மீறினால் சட்டவிரோத வேலை என்று 5000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், தீவிரமானால் காவல். ஓராண்டுச் செலவைக் கணக்கிடும்போது இந்த வருமானத்தை ஒரு காசுகூடச் சேர்க்காதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி: தைவானில் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். அங்கே விசா எளிதா?

எளிது, கடினம் என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாதபடி முறையே வேறு. நமக்கு ஒரு வசதி, தைவானின் தூதரகம் போலச் செயல்படும் தைப்பே பொருளாதாரப் பண்பாட்டு மையம் சென்னையிலேயே இருக்கிறது. தேசியத் தைவான் ஆசிரியப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய மாண்டரின் (பொதுச் சீன மொழி) பயிற்சி மையம் உள்ளிட்ட அங்கீகாரம் பெற்ற மையங்களில் வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். பொதுவாக முதலில் வருகையாளர் விசாவில் போய், அதை அங்கேயே நீட்டித்து, நான்கு மாதம் படித்த பிறகு அடுத்த பருவத்துக்கும் பதிந்திருந்தால் குடியிருப்பு விசாவுக்கு மாறலாம். நீட்டிக்கப் போகும்போது வருகைப் பதிவைப் பார்ப்பார்கள். வகுப்புக்கு மட்டம் போட்டால் அது நேரே விசாவில் வந்து விழும்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, மொழி மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதி கிடைப்பது அரிது என்று எண்ணித் திட்டமிடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு விருந்தினர் இல்லத்தைப் பிடித்துக்கொண்டு, நேரில் அறை பார்ப்பதே நல்லது. முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள். தைவானில் பழைய மரபு எழுத்துகளும் அவர்களுக்கே உரிய ஒலிக்குறிகளும் புழக்கத்தில் இருக்கின்றன, பெருநிலத்தில் எளிமையாக்கப்பட்ட எழுத்துகளும் ரோமன் எழுத்து ஒலிக்குறிப்பும். பிறகு எங்கே வேலை செய்யப் போகிறீர்கள், எதை வாசிக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள், விசா அதற்குப் பின்னால் வரட்டும். பழைய கவிதைகளையும் கல்வெட்டுகளையும் வாசிக்கும் ஆசை இருந்தால், நான் தைவானுக்கே போகச் சொல்வேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: என் தங்கை அடுத்த மாதம் படிப்பை முடித்துத் திரும்புகிறாள். கடைசியில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

குடியிருப்பு அனுமதியின் கடைசி நாளையும் விமானத்தின் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழ் வாங்கத் தாமதமாகி இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினாலும், நாளுக்கு 500 யுவான் என்ற கணக்கு ஓடத் தொடங்கிவிடும். பல்கலைக்கழகம் தரும் படிப்பு முடித்த சான்றையும், மதிப்பெண் பட்டியலையும், மாணவர் நிலையை முடித்துக்கொண்டதற்கான கடிதத்தையும் அசலாக வாங்க வேண்டும். மீண்டும் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதானால் பழைய இடத்தின் அந்தக் கடிதம் இல்லாமல் விசா நகராது.

வெளியே வாடகைக்கு இருக்கிறாள் என்றால், ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பை இன்றே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றின் அளவுமானிகளையும் வீட்டுக்காரர் முன்னிலையில் படம் எடுத்து, முன்பணம் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுக்க வேண்டும். சிவப்பு முத்திரை குத்திய அந்த முகவரிச் சீட்டை மட்டும், விமானம் ஏறும்வரை பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருக்கட்டும்.